ஜோடனை அண்ணனின் குரோட்டன்ஸ்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் உலகப் படம் இருக்கிறது. ஏழாம் வகுப்புச் சுவரில், ஆளுயரத்துக்கு. அதில் பசிபிக் பெருங்கடலின் நடுவே எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு தீவு உண்டு. பழுப்பு நிறம். மழைக்காலத்தில் கொஞ்சம் பெரிதாகும், வெயில் காலத்தில் சுருங்கும். ஒருமுறை ஒரு பெண் எழுந்து நின்று அந்தத் தீவின் பெயர் என்ன என்று கேட்டாள். சமூக அறிவியல் ஆசிரியர் சற்றுத் திகைத்துவிட்டு, "அது பாடத்துல இல்ல, உக்காரு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

அது தீவு இல்லை. சுவரில் இறங்கும் ஈரம். அந்த ஈரத்தை மறைக்கத்தான் உலகமே அங்கே தொங்குகிறது. தொங்கவிட்டவர் எங்கள் பியூன்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜோடனை அண்ணன். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில், சட்டைப் பையில் ஒரு சின்ன பிரஷ், உடம்பெல்லாம் பெயிண்ட் வாசனை. பதினேழு வருடமாக இந்தப் பள்ளியில் மணி அடிப்பவர், கதவு திறப்பவர், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதெல்லாம் சம்பளத்துக்கு. அவருடைய உண்மையான தொழில் வருடத்துக்கு ஒரு நாள்தான். ஆய்வு அதிகாரி வரும் நாள்.

நான் அங்கே ஒன்பது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். தப்பில்லை, உண்மைதான். ஆனால் ஜோடனை அண்ணனிடம் மட்டும் என் கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாக மாறிவிடும். ஆய்வுக்கு முந்தின வாரம் அவர் நடந்து வருவதைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டுக்காரர் தோற்றார். ஒரு கையில் ஏணி, ஒரு கையில் பெயிண்ட் டப்பா, வாயில் நாலு ஆணி. வாயில் ஆணியோடு பேசுவது எப்படி என்று அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆய்வுக்கூடம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரசாயனம் தீர்ந்து பல காலம் ஆகிறது. பாட்டில்கள் மட்டும் இருக்கின்றன. ஜோடனை அண்ணன் அவற்றைக் கழுவி, துணிக்குப் போடும் நீலம் இரண்டு சொட்டு ஒன்றில், டீத்தண்ணீர் ஒன்றில், சுண்ணாம்புத் தண்ணீர் ஒன்றில் என்று நிரப்பி, அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டி, வெயில் படும் ஜன்னலோரம் அடுக்கி வைப்பார். ஒரு வருடம் வந்த அதிகாரி அந்த நீலத்தைப் பார்த்து மயங்கி, "இவ்வளவு சுத்தமான மயில்துத்தத்தை நான் எங்கயும் பாத்ததில்ல" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டே போனார்.

அடுத்தது பெஞ்சு. மூன்று கால் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, நாலாவது காலுக்குச் செங்கல் வைத்து, செங்கல்லுக்கும் பெஞ்சின் நிறத்திலேயே பெயிண்ட் அடிப்பார். அதற்கு மேலும் ஒரு நுணுக்கம் உண்டு. எடை குறைந்த பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து அதில் உட்கார வைப்பார். "அசையக் கூடாது கண்ணுங்களா. மூச்சு மட்டும் விட்டுக்கோங்க" என்பார். பிள்ளைகளும் அப்படியே போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். செங்கல்லுக்குக்கூட அடங்காத பெஞ்சுகளை அன்று காலையே கண்ணில் படாத இடத்தில் ஒளித்துவிடுவார்.

அந்தக் கண்ணில் படாத இடம்தான் இந்தக் கதை.

பள்ளியின் பின்பக்கம் பெண் பிள்ளைகளுக்கென்று இரண்டு கழிப்பறைகள் உண்டு. நீலக் கதவு, வருடா வருடம் புதுப் பெயிண்ட். கதவில் 'பயன்படுத்திய பின் தண்ணீர் ஊற்றவும்' என்று வெள்ளை எழுத்து. பெரிய பித்தளைப் பூட்டு. முன்னால் வரிசையாக ஆறு தொட்டிகளில் குரோட்டன்ஸ் செடி. மஞ்சளும் சிவப்புமாக, இடுப்புயரத்துக்கு, ஒரு இலை வாடாமல் நிற்கும். எந்த அதிகாரி வந்தாலும் பத்தடி தள்ளி நின்று, பூட்டைப் பார்த்து, எழுத்தைப் படித்து, செடியைப் பாராட்டிவிட்டு, 'கழிப்பறை இரண்டு, நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போவார். பூட்டு எதற்கு என்று யாராவது கேட்டால், "பசங்க கண்டபடி உள்ள போயி அசிங்கம் பண்ணிடுவாங்க சார்" என்பார் ஜோடனை அண்ணன். அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிடும். என்ன பொறுப்பான ஆள்!

உள்ளே குழாய் கிடையாது. பீங்கான் உடைந்து பதினோரு வருடம் ஆகிறது. மேலே தகரத்தில் ஆள் நுழைகிற அளவு ஓட்டை. தரையிலிருந்து தகரம்வரை உடைந்த பெஞ்சு, கால் போன நாற்காலி, மணி அடிக்காத கடிகாரம், நாக்கு இல்லாத மணி. ஒளித்து வைத்த பெஞ்சுகளைத் திரும்ப எடுக்கவும் ஆள் வேண்டுமே. அதனால் அவை அங்கேயே தங்கிவிட்டன. எங்கள் பள்ளியின் உண்மையான இருப்புப் பதிவேடு அந்த அறைதான்.

பையன்கள் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். டீச்சர்கள் நாங்கள் ஐந்து பேர் எதிர் வீட்டுத் தையல்கார அக்கா வீட்டுக்குப் போவோம். போகும்போது ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வருவது மரியாதை. ஒன்பது வருடத்தில் எனக்கு எத்தனை ரவிக்கை சேர்ந்திருக்கிறது என்பது என் பீரோவுக்குத்தான் தெரியும். நூற்று நாற்பது பெண் பிள்ளைகளை அந்த அக்கா வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று நாங்கள் யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. யோசித்திருந்தால் ஏதாவது செய்ய வேண்டி வந்திருக்கும், அதனால் யோசிக்கவில்லை. இதை இப்போது எழுதும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பிறகு பெரிய டீச்சர் வந்தார். புதுத் தலைமை ஆசிரியை. அதற்கு முன்னால் இருந்தவர் ஆண், வீடு அடுத்த தெரு. மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு வருவார், அவருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. பெரிய டீச்சர் இரண்டு பஸ் மாறி வருகிறவர். வந்த முதல் நாளே பின்பக்கம் போய்ப் பூட்டைப் பார்த்தார், சாவியை வாங்கித் திறந்தார், ஒரு நாற்காலி அவர் காலில் விழுந்தது. நொண்டிக்கொண்டே அறைக்குப் போய், கழிப்பறையைச் சரிசெய்து தரும்படி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் பள்ளியின் கழிப்பறைகள் கடந்த பதினோரு ஆண்டுகளாக நல்ல நிலையில் உள்ளதாகப் பதிவேடுகள் தெரிவிப்பதால் தங்கள் கோரிக்கை ஏற்பதற்கில்லை.' இரண்டாவது கடிதம் போட்டார். இரண்டாவது பதிலும் அதே. நல்ல வேளையாக இந்த முறை ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஆய்வு அதிகாரி நேரில் வந்து பார்த்து மாற்றி எழுதினால் ஒழிய எதுவும் செய்ய இயலாது என்று. ஆய்வு வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

பெரிய டீச்சர் ஜோடனை அண்ணனைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன், ஏதோ விடைத்தாள் கட்டோடு.

"தம்பி, இது எத்தனை வருஷமா உடைஞ்சு கெடக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆய்வு அன்னிக்கு அதிகாரி முன்னாடி நீங்களே கதவத் திறந்து காட்டணும்."

ஜோடனை அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "நானா? எதுக்குங்க பெரிய டீச்சர்? நீங்களே திறந்து காட்டுங்களேன்."

"நான் திறந்தா, நான் வந்த அப்புறம்தான் உடைஞ்சதுன்னு எழுதுவாங்க. போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேப்பாங்க. பதினோரு வருஷமா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்."

"அப்படி எழுதினா, பதினோரு வருஷமா நான் பொய் சொன்னேன்னு ஆயிடாதா?"

"சொன்னீங்கதானே?"

அவர் நிஜமாகவே புண்பட்டுப்போனார். "நான் எங்கங்க பொய் சொன்னேன்? பூட்டினேன், பெயிண்ட் அடிச்சேன். வர்றவங்க நம்ம ஸ்கூல கேவலமா நெனச்சிடக் கூடாதுன்னு பாத்தேன். பக்கத்து ஸ்கூல்ல போன வருஷம் எத்தன பேருக்கு மெமோ வந்துச்சு, கேட்டுப் பாருங்க. நம்ம ஸ்கூல்ல ஒருத்தருக்காவது வந்துச்சா? யாரால?"

அதுவும் வாஸ்தவம்தான். எங்கள் யாருக்கும் மெமோ வந்ததில்லை. நான் விடைத்தாள் கட்டை இன்னும் கவனமாக எண்ண ஆரம்பித்தேன்.

மறுநாள் சாவி தொலைந்துவிட்டது. அதாவது, தொலைந்துவிட்டதாக ஜோடனை அண்ணன் சொன்னார். சிவப்பு நாடா கட்டிய அந்தச் சாவி அவர் சட்டைப் பையில் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் அவர் பையையே பார்த்தபடி, "நல்லாத் தேடுங்க தம்பி" என்றார். "தேடிக்கிட்டேதாங்க இருக்கேன்" என்று அவர் வராந்தாவில் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். இரண்டு மாதம் தேடினார். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சாவி தேடிய மனிதரை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். எங்கள் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு. கணக்கில் சூரப்புலி, அதனால் எனக்குச் செல்லம். மாதத்தில் நாலைந்து நாள் வரமாட்டாள். ஏன் என்று வருகைப் பதிவேட்டில் எழுத இடமில்லை. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பாதிப் பெண் பிள்ளைகள் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் வலி, சிறுநீர் போனால் எரிச்சல். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பெண் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை போலிருக்கிறது, நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றாராம். ஜோடனை அண்ணன் உடனே ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். மாலையில் பாட்டில் காலியாக வந்தது. அவருக்குச் சந்தோஷம். ஆனால் அடுத்த மாதமும் காய்ச்சல். மருத்துவர் அதையே சொன்னார். இவர் இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கினார். அதுவும் காலியாகத்தான் வந்தது. மூன்றாம் முறை காய்ச்சல் வந்தபோது மருத்துவர் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கிறார்.

"ரெண்டு லிட்டர் டீச்சர்! ஒரு சொட்டு மிச்சமில்லாம குடிக்கறா. அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று என்னிடம் பொரிந்து தள்ளினார். பிறகு குரலை இறக்கி, "இந்த வருஷத்தோட நின்னுக்கறேங்கறா டீச்சர். எட்டு முடிச்சிட்டு வீட்ல இருக்கப்போறாளாம். ஏன்டின்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறா. நீங்க கேட்டா சொல்லுவா" என்றார்.

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பெயிண்ட் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். அன்று அவர் கையில் பெயிண்ட் இல்லை.

நான் அவளிடம் கேட்க வேண்டியே வரவில்லை. ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மாடி வகுப்பறையில் ஒரு ஜன்னல் கதவு கழன்று தொங்கியது. ஜோடனை அண்ணன் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார், நான் ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி மணியை அன்று உடற்கல்வி ஆசிரியர் அடித்தார். வழக்கமாக அந்த நேரத்தில் ஜோடனை அண்ணன் முன்வாசலில் மணி அடித்துவிட்டு, பிள்ளைகள் தெருவில் குதிக்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பதினேழு வருடத்தில் பள்ளி விடும் நேரத்தில் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

ஜன்னல் பின்பக்கம் பார்த்தது.

பெண் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, பேச்சும் அதிகமில்லை, தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவர்களின் நிதானம். ஒவ்வொருத்தியும் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், குரோட்டன்ஸ் தொட்டியில் கவிழ்த்தாள், மூடியைப் போட்டுக்கொண்டு போனாள். ஒரு தொட்டி நிரம்பி வழிந்தால் அடுத்த தொட்டிக்கு. சின்னப் பெண்ணுக்குப் பெரிய பெண் மூடி திருகிக் கொடுத்தாள். கடைசியாக இரண்டு லிட்டர் பாட்டிலோடு ஒருத்தி வந்தாள். அது காலியாகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜோடனை அண்ணன் வாயில் ஆணி இருந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை.

அவர் படியிறங்கி ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். அவர் மகள் பாட்டிலை உதறிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா பண்ற?"

"ஊத்தறேன். நிறைஞ்ச பாட்டிலோட வந்தா நீ திட்டுவல்ல. எல்லார் வீட்லயும் அம்மா தூக்கிப் பாப்பாங்க."

"குடிக்கறதுக்குத்தான குடுத்தேன்?"

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அந்த வயதுப் பெண்கள் அப்பாவிடம் சொல்லமாட்டாத விஷயத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"குடிச்சா எங்கப்பா போறது? சாவி உன்கிட்டதான இருக்கு."

சொல்லிவிட்டு அவள் நடந்து போனாள். ஜோடனை அண்ணன் தொட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பதினோரு வருடமாக அந்தச் செடிகளைக் காட்டி, "என் கைராசி டீச்சர், வாரத்துக்கு ஒரு சொம்புதான் ஊத்தறேன், எப்படி வளருது பாருங்க" என்று எங்களிடம் பீற்றிக்கொண்ட மனிதர் அவர். ஈர மண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கேலி செய்யத் தோன்றவில்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நானே அப்படித்தான் படித்து முடித்தேன். தெரிந்தும் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அவர் ஏணியையும் பெயிண்ட் டப்பாவையும் தொட்டு நாங்கள் பார்க்கவில்லை. சாவியையும் கொடுக்கவில்லை. சரி, மனசு மாறிவிட்டது, ஆய்வன்று எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி விடப்போகிறார் என்று பெரிய டீச்சரும் நானும் நினைத்தோம். ஆய்வு நாள் காலையில் வந்து பார்த்தால், செங்கல்லுக்குப் பெயிண்ட் அடித்திருந்தது. நீலத்தண்ணீர் ஜன்னலோரம் மின்னியது. உலகப் படத்தின் தீவைக்கூடக் கடல் நிறத்தில் பூசி மெழுகியிருந்தார். நீலக் கதவு பளபளவென்று, பூட்டோடு. பெரிய டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த வருடமும் மெமோ இல்லை. அடுத்த நிமிடமே, இப்படி ஒரு நிம்மதியா என்று வெட்கமாகவும் இருந்தது.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, காலையிலிருந்து இது இரண்டாவது பள்ளி, மாலைக்குள் இன்னும் இரண்டு பாக்கி. உட்கார நேரமில்லாத நடை. ஜோடனை அண்ணன் தட்டில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாம்பா."

டீ கொண்டுவந்தார்.

"அதுவும் வேண்டாம். இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு நான் எதுவும் குடிக்கறதில்ல."

ஜோடனை அண்ணன் தட்டோடு அங்கேயே நின்றார். நாற்காலியில் வைத்திருந்த அதிகாரியின் கைப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில் தெரிந்தது. கழுத்துவரை நிறைந்த பாட்டில். ஜோடனை அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதிகாரி பதிவேடு பார்த்தார், ஆய்வுக்கூடம் பார்த்தார், நீலத்தண்ணீரைப் பாராட்டினார், அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பாராட்டினார். பிறகு பின்பக்கம். பத்தடி தள்ளி நின்றார், பூட்டைப் பார்த்தார், எழுத்தைப் படித்தார், பேனாவைத் திறந்தார்.

"செடி ரொம்ப நல்லா இருக்கு. வருஷா வருஷம் பாக்கறேன், ஒரு இலை வாடறதில்ல. யாரு தண்ணி ஊத்தறது?"

இந்தக் கேள்விக்காகவே ஜோடனை அண்ணன் ஒவ்வொரு வருடமும் காத்திருப்பார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தாங்க" என்பார். அன்றைக்கு ஒரு அடி முன்னால் வந்தார்.

"பொம்பளப் பிள்ளைங்க ஊத்தறாங்க மேடம். வீட்லேருந்து குடிக்கக் கொண்டு வர்ற தண்ணி. குடிக்காம வெச்சிருந்து, சாயங்காலம் இதுல ஊத்திட்டுப் போறாங்க."

"ஏன், குடிக்கறதுக்கு என்ன?"

"உங்க பாட்டிலும் நிறைஞ்சுதான இருக்கு மேடம்."

ஒரு பியூன் ஓர் அதிகாரியிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஜோடனை அண்ணன் சட்டைப் பையிலிருந்து, இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். கதவை இழுத்தார்.

முதலில் நாக்கு இல்லாத மணி உருண்டு வந்தது. பிறகு ஒரு நாற்காலி. பிறகு மூன்று பெஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை உடைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தன. தூசி அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. உள்ளே தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் நேராக அந்த உடைந்த பீங்கான்மேல் விழுந்தது.

"பதினோரு வருஷமா இப்படித்தான் மேடம். பூட்டினது நான். பெயிண்ட் அடிச்சதும் நான்" என்றார். "என் பொண்ணும் இங்கதான் படிக்கறா. நிக்கப்போறேங்கறா."

அதிகாரி பதிவேட்டை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். "இதுல மூணு வருஷம் என் கையெழுத்து இருக்கு" என்று மெல்லச் சொன்னார். எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. பேனாவை உதறினார், எழுதவில்லை. ஜோடனை அண்ணன் காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்.

"பென்சில் வேண்டாம்பா. யாராவது அழிச்சிடுவாங்க. பேனாவா குடுங்க."

என் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். விடைத்தாளில் முட்டை போடுகிற பேனா. அதால்தான் எழுதினார், 'பயன்படுத்த இயலாத நிலை' என்று. பெஞ்சுகளையும் எண்ணி எழுதினார். புறப்படும் முன் பெரிய டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். இருவரும் எதிர் வீட்டுத் தையல்கார அக்காவிடம் போய்விட்டு வந்தார்கள். திரும்பி வந்து, ஆறிப்போன டீயைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மாதம் ஜோடனை அண்ணனுக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டு. பதிலை எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தார். 'பூட்டியது நான் ஒருவனே. வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்துப் போடக் கொடுக்கும் முன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். 'எனக்கும் ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும்.' என் கையெழுத்தைப் போட்டேன். மற்ற நாலு டீச்சர்களும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். எல்லாருக்கும் ஒரு கண்டிப்புக் கடிதம் வந்ததோடு சரி. ஜோடனை அண்ணன் தன் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடலாமா என்று என்னைக் கேட்டார். பழக்கதோஷம்.

கழிப்பறை உடனே வந்துவிட்டது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. ஏழு மாதம் ஆயிற்று. முதலில் பீங்கான் வந்தது, தகரம் வரவில்லை. தகரம் வந்தது, குழாய் வரவில்லை. எல்லாம் வந்து வேலை முடிந்த அன்று பார்த்தால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஜோடனை அண்ணன் தானே உட்கார்ந்து தாழ்ப்பாள் அடித்தார். வெளிப்பக்கம் பூட்டு மாட்டும் வளையம் இரண்டையும் பிடுங்கி எறிந்தார். மற்றபடி சொர்க்கம் ஒன்றும் இறங்கிவிடவில்லை. பசிபிக்கில் தீவு திரும்ப எழுந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் இன்னும் நீலத்தண்ணீர்தான், ஆனால் பாட்டிலில் இப்போது 'நீலத்தண்ணீர்' என்றே எழுதி ஒட்டியிருக்கிறார், அதே அழகான கையெழுத்தில். அவர் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். போன மாதம் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. கணக்கில் இரண்டு இடத்தில் என்னையே திருத்தினாள், கோபம் வந்தது, பொறுத்துக்கொண்டேன்.

இந்த வருட ஆய்வுக்கு வேறு ஓர் அதிகாரி வந்தார். இளைஞர், புதியவர். பின்பக்கம் போனோம். உள்ளே போய்ப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், தலையாட்டினார். வெளியே வந்து முகம் சுளித்தார். உடையாமல் மிஞ்சிய நாலு தொட்டிகளில் குரோட்டன்ஸ் இலை உதிர்ந்து, குச்சி குச்சியாக நின்றது. வாரத்துக்கு ஒரு சொம்பு அதற்கு எப்படிப் போதும்?

"என்னங்க இது, செடியெல்லாம் இப்படிக் காஞ்சுபோய்க் கெடக்கு? யாரும் தண்ணி ஊத்தறதில்லையா?"

ஜோடனை அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"இல்லீங்க சார். எல்லாத் தண்ணியையும் பிள்ளைங்களே குடிச்சிடறாங்க."